செந்தட்டிப் பாவு

பையைத் திறந்தாள். புகை வாசம்.
சாம்பல் நிறத்தில் ஒன்பது நூல்கண்டு.
என்ன நார் என்று கேட்டேன்.
தெரிந்த இந்தியில் சொல்லிப் பார்த்தாள்,
பிறகு தன் முழங்கையைத் தானே சொறிந்து காட்டினாள்.
செந்தட்டி!
வாய்க்கால் மேட்டில் ஆடுகூட மூக்கை வைக்காத செடி.
அதை அறுத்து, தோலுரித்து, வேகவைத்து,
தொடையில் உருட்டி நூலாக்கி,
கோகிமாவுக்கும் அந்தப் பக்கமிருந்து
ரயில் மாறி ரயில் மாறிப்
பத்தமடைக்குக் கொண்டுவந்திருக்கிறாள்.
மீராள் லாத்தா கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.
"ஏட்டி, அரிக்காதா?"

பேர் நெய்ஸோனுவோ.
எனக்கு முதல் இரண்டு எழுத்து போதும்.
நெய் என்று கூப்பிட்டேன், திரும்பினாள்.

ஆபீசர் அம்மா போட்ட கணக்கு:
பாவு அவளது, ஊடை எங்களது,
அகலம் ஒரு முழம், நீளம் ஆறடி,
மாசக் கடைசிக்குள் டெல்லி.

எங்கள் தறி தரையில் படுத்திருக்கும்,
நாலு முளைக்குள், அசையாது.
நாங்கள்தான் அதன்மேல் குந்திக் குந்தி நகர்வோம்.
அவள் தறிக்கு முளையே கிடையாது.
ஒரு கம்பு ஜன்னலில், மறு கம்பு இடுப்பு வாரில்.
சாய்ந்தால் பாவு விறைக்கும், குனிந்தால் தொய்யும்,
பெருமூச்சு விட்டால் நூலுக்குத் தெரிந்துவிடும்.
அவள் பாவைப் பிடித்துக்கொண்டிருக்க
நான் பக்கத்திலிருந்து கோரையைச் செலுத்த வேண்டும்.

ஐந்து நாள் ஒடிந்தது.
ஆற்றில் ஏழு நாள் ஊறியதை
பத்து மணி வெயிலுக்குள் மறந்துவிடுகிற புல் எங்கள் புல்.
அப்புறம் சுபுஹு தொழுத கையோடு உட்கார்ந்தோம்.
ஈரம் பட்டதும் செந்தட்டி முறுகி இறுகியது,
கோரை வழுக்கிக்கொண்டு உள்ளே போய்
சொன்னபடி கிடந்தது.
ஒரு விரற்கடை. பிறகு ஒரு சாண்.

எண்ணும்போதெல்லாம் "போ" என்பாள்.
முதல் நாள் எழுந்தே விட்டேன், ரோஷத்தில்.
அவள் பாஷையில் ஒன்றுக்குப் போவாம்.
போ, கென்யே, சே.
அந்த வாரமே என் மகன்
தோசையை அப்படித்தான் எண்ணினான்.

ஆபீசர் அம்மா போனில் படம் காட்டினாள்:
இவர்கள் சால்வையில் வருகிற மாட்டுத்தலை.
நடுவில் வைத்தால் விலை இரட்டிப்பு.
நெய் மாட்டேன் என்றாள்.
ஊருக்கே விருந்து போட்ட வீட்டுக்குத்தான் அந்தத் தலை,
எங்கள் அப்பா போடவில்லை.
(இதைச் சொல்ல ஒரு காலை முழுக்கப் போயிற்று.
அரிசி அளந்தாள், மாட்டைப் பிடித்தாள்,
ஆட்களைப் பந்தியில் உட்கார்த்தினாள்,
எல்லாம் வெறும் கையால்.)
டெல்லியில் யாருக்கும்மா தெரியும்?
"எனக்குத் தெரியும்."
அது மட்டும் சுத்தமான இந்தி.

நடு இடம் சும்மா கிடக்கட்டும் என்றேன்.
போகிற கூலியில் பாதி என்னுடையது,
சொல்லும்போது அதுவும் ஞாபகம் இருந்தது.

அப்போ பேராவது போடுங்க என்றாள்.
பாயில் இரண்டு பேர் போடுவது கல்யாணத்துக்கு.
பதினெட்டு வருஷமாக நெய்திருக்கிறேன்
முகம் பார்க்காத மாப்பிள்ளைகளை, பொண்ணுகளை.
என் நிக்காஹுக்கு வந்தது பிளாஸ்டிக் பாய்.
மீராள் லாத்தா சிரித்தது தெருக்கோடிக்குக் கேட்டது:
"இதுல யாருட்டி மாப்பிள்ளை?"

பாவு மிச்சம் கொஞ்சந்தான்.
இடது ஓரத்தில் அவள், வலது ஓரத்தில் நான்,
நீளவாக்கில் எழுத்து எழுத்தாக ஏறினோம்.
நெய்
என்றதும் அவள் பக்கம் தீர்ந்தது.
செய்தம்மாள் என்ற என் பேரில்
செய்த
வரைக்கும் இடம் இருந்தது.

இது என்ன வாசகமா என்றாள் ஆபீசர் அம்மா.
இல்லை, நாங்க ரெண்டு பேரு என்றேன்.

மூன்றாவது அடியில் ஒரு வரி தளர்ந்திருக்கும்.
அவள் இருமிய இடம்.
பிரித்துப் போட்டுவிடலாம் என்றாள் அவள், சைகையால்.
நான் அடுத்த கோரையை நனைத்து நீட்டினேன்.
"போ" என்றாள்.